எண் எழுதிய கால்

என் அக்கா புருஷனை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் டொக்கு. வலது கால் மரக்கால், அடியில் இரும்புப் பூண், தெருவில் நடந்தால் டொக் டொக் என்று சத்தம். அதற்கு மேல் யோசிக்க ஊருக்கு என்ன தலையெழுத்து? பால்காரனுக்கும் டொக்கு, பள்ளிக்கூட வாத்தியாருக்கும் டொக்கு. கல்யாணம் பேச வந்த தரகர்கூட எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "பையன் தங்கம். டொக்குன்னு கேட்டா ஊரே வழி காட்டும்" என்றார். என் அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அக்கா சிரிக்கவில்லை. "சத்தம் கேட்டா ஆள் எங்க இருக்கார்னாவது தெரியும்ல, போதும்" என்றாள். அப்போதே அவளுக்கு வாய் அப்படி.

கால் போனது எங்கள் ஊர் நூல் மில்லில். கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. நூற்புப் பிரிவுக்கு ஒரு மாஸ்டர் இருந்தார். மாஸ்டர் என்றால் அந்தப் பிரிவில் அவர் வைத்ததுதான் சட்டம். மெஷினுக்கு அடியில் பஞ்சு அடைந்தால், மெஷினை நிறுத்திவிட்டுத்தான் துடைக்க வேண்டும் என்று சுவரில் பெரிதாக எழுதிப் போட்டிருந்தார்கள். நிறுத்தினால் உற்பத்தி குறையும், குறைந்தால் மாஸ்டர் மேலே பதில் சொல்ல வேண்டும். அதனால் அவர் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, "ஓடட்டும், அடியில போய்த் துடை" என்பார். எல்லாரும் அப்படித்தான் துடைத்தார்கள். மச்சானும் ஒருநாள் படுத்து ஊர்ந்துபோய்த் துடைத்தார். பெல்ட் அவர் பாதத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மிஞ்சியது.

மாஸ்டர் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "பார்த்து வேலை செய்யக் கூடாதாப்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியே மில்லின் பதிலாகவும் ஆகிவிட்டது. தொழிலாளியின் கவனக்குறைவு. பிறகு மச்சானுக்கு கேட்டில் உட்கார்ந்து மணி அடிக்கிற வேலை கிடைத்தது. வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும் என்று கூட வேலை செய்தவர்களே அவருக்குப் புத்தி சொன்னார்கள். அவரும் வாயை மூடிக்கொண்டார். ஓய்வு பெறும்வரை திறக்கவே இல்லை.

மரக்காலைச் செய்தவர் மில் தச்சர். மெஷின் பெட்டி செய்கிறவருக்குக் கால் செய்து பழக்கமா என்ன? முதலில் செய்தது உயரம் கூடி, மச்சான் ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தார். இழைத்துக் குறைத்தார்கள், இந்தப் பக்கம் சாய்ந்தார். இழைத்து, ஒட்டி, மறுபடி இழைத்து, மேலே தோலில் ஒரு குழி தைத்து, தொடையில் கட்ட வார் வைத்து, கடைசியில் அது அவர் உடம்போடு சேர்ந்துகொண்டது. மிஞ்சியிருந்த அந்த ஒரு சாண் சதைக்கு என்ன வடிவமோ அதே வடிவத்துக்குத் தோலும் வருஷக்கணக்கில் பழகிவிட்டது. அதை மாட்டிக்கொண்டு அவர் ஏணி ஏறுவார், சைக்கிள் மிதிப்பார், கோபம் வந்தால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார். அக்கா உடனே அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேச்சை மாற்றுவாள்.

மில்லை மூடினார்கள். இடித்து விற்றதுபோக ஆபீஸ் கட்டடம் மட்டும் மிஞ்சியது. அதற்கு வெள்ளையடித்துக் கீழே அருங்காட்சியகம், மாடியில் நூலகம் என்று ஆக்கினார்கள். மெஷின்களை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, ஒன்றே ஒன்றுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து நடுக்கூடத்தில் நிறுத்தினார்கள். தொடாதீர்கள் என்று அதன்மேல் ஒரு அட்டை. ஆளை இழுத்து விழுங்கிய காலத்தில் இந்த அட்டையைத் தொங்கவிட ஒருவனுக்கும் தோன்றவில்லை. என் எலக்ட்ரிக் கடை அதற்கு நேர் எதிரே. அங்கே விளக்கு, ஃபேன், மைக் எல்லாம் நான்தான் பார்த்துக்கொண்டேன். அதனால் நடந்தது எதுவும் எனக்கு யாரும் சொல்லித் தெரிந்ததில்லை, நானே பார்த்தது.

மாதம் ஒரு சாயங்காலம் மாடியில் 'ஊர் பேசுது' என்று நிகழ்ச்சி நடக்கும். ஊர்க்காரர்கள் யாராவது வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டுவந்து, அதன் கதையை மைக்கில் சொல்ல வேண்டும். கதை பிடித்துப்போனால் பொருள் கீழே கண்ணாடிப் பெட்டிக்குப் போகும். நடத்துகிறவர் அருங்காட்சியகக் காப்பாளர், ஒரு மேடம். நல்லவர், குரல் உயராது. அவருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. 'பார்க்கலாம்' என்றுதான் சொல்வார். அந்தப் 'பார்க்கலாம்' ஒரு ஆளையே தின்றுவிடும் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அருங்காட்சியகக் குழுவுக்குத் தலைவர் யார் என்கிறீர்கள்? மாஸ்டர்தான். நரைத்துப்போய், காதில் மெஷின் மாட்டிக்கொண்டு, சலவைச் சட்டையோடு ஒவ்வொரு மாதமும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

மச்சான் கடைசி வரிசை. ஃபேன் காற்றுக்குத்தான் போகிறேன் என்பார். உண்மையில் அவருக்கு அந்த நிகழ்ச்சி பிடித்திருந்தது. யாரோ கொண்டுவந்த உடைந்த பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் கூட்டம் கை தட்டியதைப் பார்த்து, "நாம்பளும் ஒரு நாள் பேசணும்டா" என்று என் தோளில் தட்டினார். மாடிப்படியில் அவர் டொக் டொக் என்று இறங்குவதை மேடம் ஒருநாள் நின்று கவனித்தார். மறுநாள் என் கடைக்கே வந்துவிட்டார்.

"உங்க மச்சானோட கால் மில்லுலயே செஞ்சதாமே? இந்த மாதிரி ஒண்ணு எந்த மியூசியத்துலயும் இருக்காது. கேட்டுப் பாருங்களேன்."

"மேடம், அது மாட்டியிருக்கிற கால்."

"புதுசு வாங்கித் தர்றோம். கால் இல்லாதவங்களுக்கு உதவுற ஒரு சங்கத்துல கேட்டிருக்கேன். லேசா இருக்கும், சத்தமே வராது."

சத்தமே வராது என்றதுதான் வினை. மச்சானுக்கு ஒரே மகள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் வசதி. மகள் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, அப்பா முகத்தைப் பார்க்காமல், "அப்பா, அன்னைக்கு மண்டபத்துல அந்தச் சத்தம் வேணாம்பா. எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க" என்று சொல்லிவிட்டாள். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளை ஒரு பார்வை பார்த்தாள். மச்சான் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு என் கடைக்கு வந்து, "அந்த மேடத்தை வரச் சொல்லு" என்றார். பெற்ற பிள்ளை காலை வாருவது என்று சும்மாவா சொல்கிறோம்?

புதுக் கால் வந்தது. பிளாஸ்டிக், தோல் நிறம், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்து காட்டினார். சத்தமே இல்லை. அவர் பின்னால் வந்து நின்றதை உணராமல் அக்கா திடுக்கிட்டுத் திரும்பி, "பூனை மாதிரி வர்றீங்க, நல்லாவே இல்ல" என்றாள். அன்றே மரக்காலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் எதிர்க் கட்டடத்துக்குப் போனோம்.

அங்கே ஒரு முறை இருக்கிறது. ஒரு பொருளைப் பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால் அதன் உடம்பிலேயே எண் எழுதுவார்கள். முதலில் வெள்ளைப் பூச்சு ஒரு கோடு, அது காய்ந்ததும் மெல்லிய தூரிகையால் கறுப்பு எண், அதன்மேல் வார்னிஷ். எண் எழுதியாகிவிட்டால் அது ஊர்ச் சொத்து. குழு கூடி முடிவு செய்தாலொழிய கட்டடத்தை விட்டு வெளியே போகாது. மேடம் இதை ஒளிக்கவில்லை, சொல்லித்தான் எழுதினார். எழுதும்போது கால் உருண்டது. மச்சான்தான் இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். "நல்லா தெரியிற மாதிரி எழுதுங்க மேடம்" என்றார். என்ன பெருமை அந்த முகத்தில்!

அந்த மாதம் 'ஊர் பேசுது'வில் அவர் பேசினார். மைக்கை நான்தான் வாய்க்கு நேராக வைத்துக் கொடுத்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மரத்தைப் பற்றி, தச்சரைப் பற்றி, ஒரு பக்கம் சாய்ந்து நடந்ததைப் பற்றிச் சொன்னார். கூட்டம் சிரித்தது. கைதட்டல் கேட்டதும் மனிதனுக்கு வாய்ப்பூட்டு கழன்றுவிட்டது.

"நிறுத்திட்டுத்தான் துடைக்கணும்னு சுவத்துல எழுதியிருக்கும். நிறுத்த விட்டா தானே? ஓடட்டும், அடியில போய்த் துடைன்னு மாஸ்டர் சொன்னார். துடைச்சேன். போச்சு" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. முன்வரிசையைப் பார்த்தும் சொல்லவில்லை. மணி அடித்தால் கேட்டைத் திறப்பேன் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். கூடத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. மாஸ்டர் காதிலிருந்த மெஷினைக் கழற்றித் துணியில் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். மேடம் அவசரமாக எழுந்து நன்றி சொன்னார். கீழே இறங்கும்போது, "ஏன் மச்சான் வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "கதை சொல்லத்தானே கூப்பிட்டாங்க?" என்றார்.

மகள் கல்யாணத்தன்று பிளாஸ்டிக் காலோடு அவர் சத்தமில்லாமல் நடந்தார். பந்திக்கும் வாசலுக்கும் ஓயாமல் நடந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து காலைக் கழற்றியபோது உள்ளே ரத்தம் தேங்கியிருந்தது. ஆணி அடித்ததுபோல ஒரே இடத்தில் குத்திக் குத்திச் சதை கிழிந்திருந்தது. சங்கத்துக்காரர்களிடம் கொண்டுபோனோம். பழகப் பழகச் சரியாகும் என்றார்கள். சரியாகவில்லை. அவருக்குச் சர்க்கரை வேறு. டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு நேராகவே சொன்னார்: "இதை இனிமே மாட்டாதீங்க. பழைய கால் பொருந்துச்சுன்னா அதையே மாட்டுங்க. புண் மேல ஏறுச்சுன்னா முழங்காலைக் காப்பாத்த முடியாது."

இவ்வளவுதான் விஷயம். எதிர்க் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் கால் நிற்கிறது. அது வந்தால் முழங்கால் பிழைக்கும். ஒரு குழந்தைக்குச் சொன்னாலும் புரியும்.

மேடத்திடம் போனார். "ஐயோ, எண் எழுதியாச்சே" என்றார் மேடம். கண்ணில் உண்மையாகவே தண்ணீர். "குழுதான் முடிவு பண்ணணும். தலைவர்கிட்ட சொல்றேன். பார்க்கலாம்." குழு கூடவில்லை. அடுத்த வாரம் போனார், பார்க்கலாம். அதற்கடுத்த வாரமும் பார்க்கலாம். கக்கத்தில் கட்டை வைத்து நடந்தால் தோள் இறங்கிப்போகிறது என்று, ஒவ்வொரு தடவையும் அந்தப் பிளாஸ்டிக்கையே மாட்டிக்கொண்டுதான் போனார். பழைய காலைக் கேட்கப் போகிற நடையே இருக்கிற காலைத் தின்றது. கேட்டு முடித்ததும் பெட்டி முன்னால் போய் நிற்பார். ஒருநாள் பெட்டிக்குள் விளக்கு மாற்றப் போனேன். கண்ணாடியைத் திறந்திருந்தபோது, "மச்சான், யாரும் இல்ல, எடுத்துக்கிட்டு ஓடிடுவோமா?" என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர், "எண் எழுதும்போது பிடிச்சுக்கிட்டது நான்தானேடா" என்று சொல்லிவிட்டார். இப்படியும் ஒரு நேர்மை! அந்த நேர்மையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பொறுக்க முடியாமல் நானே மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"அவன் காலுக்கு நான் என்னப்பா பண்ணட்டும்? குழு இருக்கு, விதி இருக்கு."

"நீங்க சொன்னா கூடும்ங்க. முழங்காலே போயிடும்னு டாக்டர் சொல்றார்."

"அன்னைக்கு மாடியில நாலு பேர் முன்னாடி என்ன சொன்னான்? கேட்டீல்ல? என் பேத்தி உட்கார்ந்திருந்தா. வீட்டுக்கு வந்து, தாத்தா நீங்களா அப்படிப் பண்ணீங்கன்னு கேக்கிறா."

"நடந்தது அதுதானேங்க?"

அவர் பேப்பரை மடித்தார். "ஊர் முன்னாடி சொன்னதை ஊர் முன்னாடியே சரிபண்ணச் சொல்லு. அதுக்கப்புறம் பார்க்கலாம்" என்றார்.

இதை வீட்டில் சொன்னபோது அக்கா பொங்கிவிட்டாள். "அந்த ஆள் வாயால கேட்டானா? கேட்டுட்டு நீ சும்மா வந்தியா? நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், கால் இல்லாட்டிப் போகட்டும், நான் தூக்கிக்கிட்டுத் திரியுறேன்." மச்சான் கட்டிலில் புண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈ வந்து உட்கார்ந்தது, விசிறியால் விரட்டினார். "நீ தூக்குவே, எனக்கு வேணாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வர்ற மாசம் பேசுறேன்னு சொல்லிடு" என்றார்.

அடுத்த 'ஊர் பேசுது'வுக்கு மாடி நிரம்பிவிட்டது. எப்படித்தான் இதற்கெல்லாம் கூட்டம் மோப்பம் பிடிக்குமோ. மச்சான் மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். நான் மைக் வைத்தேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். போன தடவை தப்பாச் சொல்லிட்டேன். மெஷின் ஓடும்போது துடைச்சது என் தப்புதான். மாஸ்டர் பேர்ல ஒரு குத்தமும் இல்ல. அவர் நல்ல மனுஷன். ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிட்டு வந்தார்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. உண்மை சொன்ன அன்றைக்கு ஃபேன் சத்தம், பொய் சொன்ன அன்றைக்கு இத்தனை கை. மாஸ்டர் மேடைக்கு வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்ததில் மச்சான் தடுமாற, விழாமல் நான் பிடித்துக்கொண்டேன். மேடம் இரண்டு தடவையும் பதிவு செய்திருந்தார். முதல் பேச்சை அழித்துவிட்டு இரண்டாவதை வைத்துக்கொண்டார். காலுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்து, அமுக்கினால் மச்சான் குரல் கேட்கிறமாதிரி செய்தால் நன்றாக இருக்கும் என்றார். குழுவுக்குப் பிடித்துவிட்டது. அதைச் செய்து மாட்டியதும் நான்தான். மாட்டமாட்டேன் என்றேன். "மாட்டுடா, கோபப்பட்டா கொடுக்க மாட்டாங்க" என்று மச்சானே சொன்னார்.

குழு கூடியது. காலைத் திருப்பிக் கொடுப்பதென்று ஏகமனதாக முடிவானது. ஒரே ஒரு சின்ன விஷயம். ஆண்டுக் கண்காட்சி வருகிறது, சுவரொட்டியெல்லாம் அச்சாகிவிட்டது, சுவரொட்டியில் இருப்பதே அந்தக் கால்தான். அது முடிந்ததும் கையோடு கொடுத்துவிடுவார்கள். "இவ்வளவு நாள் பொறுத்தார், இன்னும் கொஞ்சம்தானே?" என்றார் மேடம். ஊர்ச் சுவரெல்லாம் மச்சான் கால் ஒட்டியிருந்தது. அவர் கட்டிலில் கிடந்தார். அறைக்குள் நுழைந்தால் வாடை அடித்தது. அக்கா புண்ணைக் கழுவிவிட்டு வெளியே வந்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அழுதாள். அவருக்கு முன்னால் மூடினால் அவர் மனசு நோகும் என்று வெளியே வந்து மூடினாள்.

கண்காட்சி சிறப்பாக நடந்துகொண்டிருந்தபோது மச்சானுக்கு முழங்காலுக்கு மேலே வெட்டிவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் கையை நீட்டித் தடவிப் பார்த்தார். முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் மெத்தைதான் தட்டுப்பட்டது. "அது இனிமே ஆகாது" என்றார். எதைச் சொல்கிறார் என்று எனக்கும் அக்காவுக்கும் தெரியும். அந்தத் தோல் குழி முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் சதைக்காகத் தைத்தது. இப்போது சாணும் இல்லை, முழங்காலும் இல்லை. மகள் வந்து காலடியில் நின்று அழுதாள். "சத்தம் போடாதேம்மா, பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கிறார்" என்றார் மச்சான். அவர் குத்திச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

குழு சொன்ன வாக்கைக் காப்பாற்றியது. அதில் குறை சொல்ல முடியாது. கண்காட்சி நிறைவு விழாவில் காலைத் திருப்பித் தருவதாக அழைப்பு வந்தது. வேண்டாம் என்று நான் கத்தினேன். "வாக்குக் கொடுத்தவங்க கொடுக்கட்டும், வாங்கிக்கிறேன்" என்றார் மச்சான். சக்கர நாற்காலியோடு அவரை நான்கு பேர் மாடிக்குத் தூக்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் நாற்காலி சுவரில் இடித்தது. தூக்கியவர்களில் ஒருவன், "ஒரு கால் இல்லாமலே இந்தக் கனம் கனக்கிறாரே" என்றான். மற்ற மூவரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார்.

மேடையில் மாஸ்டர் மரக்காலை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். வார்னிஷ் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். பூண்கூட மின்னியது. "ஊருக்குத் தந்ததை ஊர் திருப்பித் தருகிறது. இப்படி ஒரு அருங்காட்சியகம் எங்காவது உண்டா?" என்று கேட்டார். கைதட்டினார்கள். போட்டோக்காரர் காலைக் கொஞ்சம் உயரமாகப் பிடிக்கச் சொன்னார். மச்சான் உயரமாகப் பிடித்தார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு, தோல் குழிக்குள் கைமுட்டியை விட்டுப் பார்த்தார். முட்டி உள்ளே போய், குழி தளர்வாக நின்றது. கீழே இறக்கும்போது மேடம் பக்கத்தில் வந்து, "அந்தப் பிளாஸ்டிக் கால் இனிமே உங்களுக்குத் தேவைப்படாதுன்னா, அதைக் கொடுத்தீங்கன்னா அந்தப் பெட்டி காலியாகாம வரிசை முழுசாகும்" என்றார். தப்பாக நினைத்துச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. செருப்பைக் கழற்றியிருப்பேன், அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இல்லை. மரக்கால் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பல்லி முட்டை போட்டிருந்தது. அவர் போனது ஒரு மத்தியானம், அக்கா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது. கூப்பிட்டாரா, கூப்பிடவில்லையா என்று தெரியவில்லை. சத்தமே வரவில்லை என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள்.

துக்கம் விசாரிக்க மேடம் வந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே கட்டிலுக்கு அடியில் பார்த்தார். நான் எழுந்து அவரை வெளியே போகச் சொல்லப் போனேன். அதற்குள் அக்கா கேட்டாள்:

"அங்க ஒரு பொத்தான் இருந்துச்சே மேடம், அமுக்கினா இவர் பேசுவாரே, அது இருக்கா?"

"கால் வெளிய போனதும் கழட்டி வெச்சுட்டோம்மா. பொருள் இல்லாம குரல் மட்டும் வைக்க முடியாது, முறை அப்படி."

"கால் அங்க இருந்தா?"

"இருந்தா மறுபடி மாட்டிடலாம்."

அக்கா குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து மரக்காலை இழுத்தாள். பல்லி முட்டையை முந்தானையால் துடைத்தாள். "எண் இன்னும் அழியல, புதுசா எழுத வேணாம்" என்று சொல்லி மேடத்திடம் கொடுத்தாள். மேடம் போனதும், "பைத்தியமாக்கா நீ? அவங்ககிட்டயேவா மறுபடி?" என்று பாய்ந்தேன். அக்கா நிதானமாகச் சொன்னாள்: "வீட்டுல ஒரு டேப்பு இருக்கா, போன்ல ஒரு வார்த்தை இருக்கா? அவர் குரல் வேற எங்கடா இருக்கு?"

பொத்தானை மாட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். பையில் கட்டிங் பிளையர் வைத்துக்கொண்டுதான் போனேன். ஒரே ஒரு கம்பியைத் தவறுதலாக வெட்டுவதுபோல வெட்டிவிட்டால் அந்தப் பொய் அதோடு தீர்ந்தது, இனி எவன் பேத்தியும் அதைக் கேட்கமாட்டாள். ஆனால் அக்கா எனக்கு முன்னாலேயே வந்து, பெட்டி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பிளையரை வெளியே எடுக்காமலே கம்பியைச் சேர்த்து முறுக்கினேன்.

"மேடம், அந்த முதல் பேச்சு எங்கயாவது மிச்சம் இருக்கா?" என்று கடைசியாக ஒரு தடவை கேட்டேன். மேடம் தலையாட்டினார், இல்லை.

அக்கா பொத்தானை அமுக்கினாள். பெட்டிக்குள்ளிருந்து மச்சான் தொண்டையைக் கனைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட அதே கனைப்பு. அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "கேட்டியாடா, அப்படியே இருக்கார்" என்றாள். அதற்குள் குரல் ஆரம்பித்துவிட்டது. மெஷின் ஓடும்போது துடைச்சது என் தப்புதான். மாஸ்டர் பேர்ல ஒரு குத்தமும் இல்ல.

"இது வேணாம்டா. கனைக்கிறதோட நிறுத்த முடியாதா?"

முடியாது. நான்தான் மாட்டியது, எனக்குத் தெரியும். ஒரு தடவை அமுக்கினால் முழுவதும் ஓடி முடியும்வரை அது நிற்காது. நடுவில் நிறுத்த அதில் வழியே வைக்கவில்லை. பழம் வாங்கிக்கொண்டு வந்தார் என்பதுவரை சொல்லி முடித்தது. அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மறுபடியும் அமுக்கினாள்.